நம் வீட்டில் இல்லாத நாய்க்குட்டி

கண்ணா,

நம் வீட்டில் ஒருநாளும் நாய் இருந்ததில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று காலையிலிருந்து உட்கார்ந்து நான்கு தாளைக் கிழித்தேன். நலம் விசாரித்துத் தொடங்கினால் என் கை வழக்கம்போலச் சுற்றி வளைத்துக்கொண்டு எங்கேயாவது போய்விடும், நீயும் "அம்மா புலம்ப ஆரம்பிச்சுட்டா" என்று பாதியில் மடித்து வைத்துவிடுவாய். அதனால் முதலில் அது. நாய் இல்லை. உன் ஏழு வயதில் நீ சிட்லபாக்கம் ஏரியில் முழங்கால் தண்ணீரில் இறங்கவில்லை. செருப்பு டப்பாவில் குட்டியை வைத்துத் தூக்கி வரவில்லை. உன் அப்பா சொன்னதுதான் சரி. பொய் சொன்னது நான்.

இப்போது மதியம் மூன்று மணி இருக்கும். அப்பா உள்ளே தூங்குகிறார். ஜன்னல் வழியாக ஏரிப் பக்கத்துக் காற்று வருகிறது, காலண்டர் தாள் சுவரில் தட்டிக்கொண்டே இருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக் கட்டில் மிச்சம் இருப்பவை மேஜையில் கிடக்கின்றன. இன்னும் மூன்று வாரத்தில் திருநீர்மலையில் உனக்கும் நிவேதாவுக்கும் கல்யாணம். இந்த நேரத்தில் ஒரு அம்மா மகனுக்கு என்ன எழுதுவாள்? மனைவியிடம் விட்டுக்கொடுத்துப் போ, கோபத்தில் சாப்பாட்டின் முன்னாலிருந்து எழுந்திருக்காதே, இப்படி ஏதாவது எழுதுவாள். எனக்கும் அப்படி எழுதத்தான் ஆசை. உனக்குத் தெரிந்ததும் தெரியாததும் கலந்துதான் வரும், முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

கல்யாண வெப்சைட்டில் உன் பெயரைப் பதிந்தது நான். "நீயே பாத்துக்கோம்மா, எனக்கு இதுக்கெல்லாம் டைம் இல்ல" என்று புனேயிலிருந்து நீ சொன்னாய். அதற்கு முன்னால் இரண்டு இடம் உன்னால்தான் கெட்டது. ஒரு பெண் உனக்கு நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினாளாம், நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் பதிலாக அனுப்பினாயாம். அவள் அப்பா எனக்குப் போன் செய்து, "உங்க பையன் எங்க பொண்ணுகிட்ட பேசினாரா, இல்ல டிரைவிங் டெஸ்ட்ல பாஸ் போட்டாரா?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. பிறகுதான் நிவேதா வந்தாள். ஜோசியர் பத்துக்கு எட்டு என்றார், போனும் பச்சை வட்டம் போட்டு நல்ல பொருத்தம் என்றது. பொத்தேரியில் வீடு, அங்கேயே ஒரு கல்லூரியில் வேலை. அவளே நேராக எழுதினாள்: "ப்ரொஃபைல்ல இருக்கறது எல்லாரும் எழுதறதுதான். உங்களப் பத்தி வேற யாருக்கும் தெரியாத ஒண்ணு சொல்லுங்களேன்."

அந்த ஒரு வரியிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. உன்னிடம் கொடுத்தால் மறுபடி கட்டைவிரலைத் தூக்குவாய் என்று பயம். அதனால் நீயாக நானே பதில் எழுத உட்கார்ந்தேன். முப்பது வருடம் பள்ளி ஆபீஸில் கிளார்க்காக இருந்தவள் நான். ஹெட்மாஸ்டர் நாற்காலிக்கடியில் வெடி வைத்த பையனுக்கும் "எனக்குத் தெரிந்தவரை நன்னடத்தை உடையவர்" என்று சான்றிதழ் அடித்துக் கொடுத்தவள். அந்த ஒரு வரியைத் தாண்டி என் சொந்த மகனைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை, அதுதான் உண்மை. போனில் இருக்கிற அந்த ஏஐயைத் திறந்தேன். கேட்டதற்கெல்லாம் எழுதித் தருமே, அது. உன்னைப் பற்றி நான்கு வரி சொன்னேன்: அமைதியான பையன், இரக்க குணம், ஏரிப் பக்கத்தில் வளர்ந்தவன். சின்ன வயதுச் சம்பவம் ஒன்று மனதைத் தொடுகிற மாதிரி எழுதிக் கொடு என்றேன். பால் பொங்குவதற்குள் எழுதிவிட்டது.

மழை நாள், ஏழு வயது, ஏரி ஓரம் சகதியில் முனகுகிற குட்டி, செருப்பு டப்பா. மூன்று நாள் வளர்த்த பிறகு யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டார்களாம். "அன்று நான் அழவில்லை. ஆனால் அந்த டப்பாவைத் தூக்கிப் போட மட்டும் விடவில்லை" என்று முடித்திருந்தது. அடுப்படியில் நின்றபடி நான் அழுதேனடா. பால் வழிந்து மேடை முழுக்க ஓடியது. நடக்காத ஒன்றுக்காக, வளர்க்காத ஒன்றுக்காக, அழாத உனக்காக அழுதேன். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பினேன். யாருக்கும் தெரியாத ஒன்றைத்தான் அவள் கேட்டாள், இதைவிட யாருக்கும் தெரியாதது எங்கே கிடைக்கும்? மூன்று வாரம் இப்படியே நடந்தது. அவள் அவளாக எழுதினாள், நான் நீயாக எழுதினேன். நான் ஏஐயிடம் விவரித்த பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக நீ இல்லாமல் போனான். எனக்கு வேண்டியிருந்த பிள்ளை அவன். வாரம் ஒருமுறை அம்மாவைக் கூப்பிடுகிறவன், மனதில் உள்ளதைச் சொல்கிறவன். அவனோடு எனக்கே பேச வேண்டும் போல இருந்தது. பிறகு உன் நம்பரை அவளிடம் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். சைட்டில் எழுதியவனும் நீதான் என்றே அவள் இன்றுவரை நினைக்கிறாள்.

அதற்கு அடுத்த வாரம் நீ கூப்பிட்டாய். உனக்கு ஞாபகம் இருக்கும்.

"அம்மா, நிவேதா ஏதோ நாய்க்குட்டி பத்தி கேக்கறா. நீ ஏதாவது சொன்னியா?"

"சைட்ல உன்னப் பத்தி நாலு வரி எழுதினேன். அதுல இருந்திருக்கும்."

"நெஜமாவே நம்மகிட்ட நாய் இருந்துதா? எனக்குச் சுத்தமா ஞாபகம் இல்லயே."

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. அந்த மூச்சில் மண்டபம், பத்திரிகை, நிவேதாவின் முகம் எல்லாம் கண்முன் ஓடியது. "இருந்துதுடா, ஏழு வயசு உனக்கு, எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றேன். நீ மெதுவாக, "ஒரு காது மட்டும் வெள்ளையா இருக்குமாம்மா?" என்று கேட்டாய். வெள்ளைக் காது கதையில் இல்லை. அதை நான் எழுதவில்லை, அந்த ஏஐயும் எழுதவில்லை. என் வார்த்தையை நம்பி, உன் மனசே ஒரு காதை வரைந்துகொண்டது. "ஆமாண்டா" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெள்ளைக் காது நாய்க்குட்டி எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு முறை போனில் தேடினேன். அன்றிலிருந்து போன் எனக்குக் குட்டிகளாகவே காட்டுகிறது. காலையில் திறந்தால் மழையில் நனைகிற குட்டி, மத்தியானம் டப்பாவில் தூங்குகிற குட்டி. விடியற்காலையில் ஏரியைச் சுற்றி நடக்கப் போவேன். தண்ணீர்மேல் புகை மாதிரி பனி நிற்கும், நீர்க்கோழி ஒன்று கோடு கிழித்துக்கொண்டு போகும். தெற்குக் கரையில் ஒரு இடம் வந்ததும் என் கால் தானாக நின்றுவிடும். அங்கேதான் நீ இறங்கினாய் என்று தோன்றும். அரை நிஜார், முதுகில் பை, இரண்டு கையிலும் டப்பா. தெளிவாகத் தெரிவாய். உன் நிஜமான ஏழு வயது எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லையே என்று ஒருநாள் உறைத்தது. அந்த வருடம் முழுக்க நான் ஆபீஸிலேயே கிடந்தேன், பள்ளிக்கூட ஆடிட். நீ யார் வீட்டில் விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாத அந்த இடத்தில் வந்து இந்தக் குட்டி படுத்துக்கொண்டது. நான் விரட்டவில்லை. அங்கே ஏதோ ஒன்று இருப்பது எனக்குச் சுகமாக இருந்தது.

உன் அப்பாவுக்கு மட்டும் அந்தச் சுகம் கிடைக்கவில்லை. போன முறை நீ வந்தபோது சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நாய் பேச்சு வந்தது. "எந்த நாய்? நம்ம வீட்ல ஏது நாய்?" என்றார். நீ சிரித்துக்கொண்டே விவரம் சொன்னாய். அவர் விடவில்லை. "இல்லவே இல்ல. இருந்தா எனக்குத் தெரியாதா?" நீ என்னைப் பார்த்தாய். நான் ரசம் ஊற்றிக்கொண்டே, "உங்களுக்குத்தான் இப்ப எல்லாம் மறந்து போகுதே" என்றேன். சொல்லும்போது விளையாட்டாகத்தான் வந்தது. உனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அடுத்த நாளே குரோம்பேட்டையில் நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். நல்ல பிள்ளைதான் நீ, தப்புச் சொல்லவில்லை. டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். சர்வேயராக இருந்தவர், கடகடவென்று கழித்தார். "வயசுக்கு நார்மல்தான், எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடலாம்" என்றார் டாக்டர். அந்த "எதுக்கும்" அப்பாவைப் பிடித்துக்கொண்டது.

உன் அப்பாவை நான் எப்படிக் கட்டிக்கொண்டேன் என்று உனக்குச் சொன்னதில்லை. அப்போதெல்லாம் மாப்பிள்ளையை விசாரிக்க ஆள் போகும். மளிகைக் கடை, இஸ்திரிக்காரர், ஆபீஸ் பியூன், ஒருவர் விடாமல் கேட்பார்கள். என் அண்ணன், உன் பெரிய மாமா, பட்டா விஷயமாக வந்தவர் மாதிரி சர்வே ஆபீஸுக்குப் போய் அங்கே இருந்த பியூனைக் கேட்டார். அவன் சொன்னானாம்: "அந்தாளுக்குப் பொய் சொல்ல வராது சார். அதான் ப்ரமோஷன் இல்லாம ஒரே சீட்ல குந்திகினு கீறாரு." அண்ணன் வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னார். அந்தப் பியூன் யாரென்றே எனக்குத் தெரியாது. அவன் வார்த்தையை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன், இன்றுவரை அது பொய்யாகவில்லை. உன்னைப் பற்றி விசாரிக்க நம் தெருவுக்கு யாரும் வரவில்லை. எல்லாரும் பச்சை வட்டத்தையே நம்பினோம், அவர்களும் நாமும். வந்து கேட்டிருந்தால் இஸ்திரிக்காரர் சொல்லியிருப்பார்: "தம்பி அதிகம் பேசாது. ஆனா சட்டை வாங்க வந்தா, வெயில்ல நிக்காதீங்கண்ணான்னு சொல்லிட்டுப் போவும்." ஒரு நாய்க்குட்டியை விட இது எவ்வளவோ மேல். எனக்குத்தான் அது போதவில்லை.

அப்பா ஒரு நோட்டு எழுத ஆரம்பித்ததை நீ கவனித்திருக்க மாட்டாய். அவருடைய பழைய ஃபீல்டு புக், நிலம் அளக்கும்போது எழுதுவாரே, அதில் மிச்சமிருந்த பக்கங்கள். தலையணை உறை மாற்றும்போது என் கையில் கிடைத்தது. "காலை இட்லி மூன்று. பால்காரர் வந்தார். கேஸ் புக் செய்தேன், மறக்கவில்லை." நாளுக்கு ஒரு பக்கம். தன்னையே அளந்துகொண்டிருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே வரி: "நாய் – இல்லை."

நேற்று முன்தினம் நீ ஒரு படத்தை அனுப்பினாய். ரிசப்ஷனில் பெரிய திரையில் காட்ட உன் சின்ன வயதுப் படங்களை வீடியோக்காரரிடம் கொடுத்திருந்தாய். இரண்டாம் வகுப்பு யூனிஃபார்மில் நீ நிற்கிற படத்தில், உன் கையில் அவர் ஒரு குட்டியைச் செய்து வைத்திருந்தார். வெள்ளைக் காது. பின்னால் ஏரி. "சும்மா எஃபெக்ட்தான்மா, நிவேதாவுக்கு சர்ப்ரைஸ்" என்று நீ எழுதியிருந்தாய். அப்பா என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். படம் இப்போது செய்தது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் சொல்லிவிட்டார்: "ஆமா. இருந்துது. கயிறுகூட நான்தான் வாங்கிட்டு வந்தேன்."

அவர் கயிறு வாங்கவில்லையடா. பொய் சொல்ல வராத மனுஷன், தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பயத்தில், இல்லாத நாய்க்கு ஒரு கயிறும் வாங்கிவிட்டார். அன்று சாயங்காலம் அந்த நோட்டைப் பார்த்தேன். ஃபீல்டு புக்கில் எதையும் ரப்பரால் அழிக்கக் கூடாது, தப்பை ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பார். எல்லாப் பக்கத்திலும் "இல்லை" அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் "இருந்தது". அதன் கீழே அவர் கையெழுத்து. எத்தனை ஏரி, எத்தனை மனை, எல்லையை ஒரு அடி தள்ளிப் போட்டுத் தாருங்கள் என்று எத்தனை பேர் வந்து நின்றார்கள்! யாருக்கும் போடாத கையெழுத்தை என் பொய்க்குப் போட்டிருந்தார்.

நேற்றுக் காலை சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலேறிப் பொத்தேரிக்குப் போனேன். நிவேதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று. அவள் தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கி, வாட்டர் டேங்க் நிழலில் கால் மணி நேரம் நின்றேன். பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கினேன், அழகாக வந்தது. அப்போதுதான் திக்கென்றது. மறுபடியும் உனக்குப் பதிலாக நான்தான் பேசப் போகிறேன். திரும்பி நடந்தேன். அதே ஆட்டோக்காரர் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். "இன்னாம்மா, இப்பத்தானே எறங்கின, அதுக்குள்ள ரிட்டனா? ஆள் இல்லியா?" என்றார். "ஆள் இருக்காங்க. சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லப்பா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

நிவேதாவிடம் நீதான் சொல்ல வேண்டும். அந்தப் படத்தைத் திரையில் போடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். கல்யாணம் நின்றுபோனாலும் நான் உன்மேல் வருத்தப்பட மாட்டேன், என்மேல் நீ படுகிற வருத்தத்தைத் தாங்கிக்கொள்வேன். எனக்கு அந்தப் பெண் வேண்டும். மூன்று வாரம் அவளோடு பேசியவள் நான், அவள் ஒருத்திதான் அதில் பொய் பேசாதவள். கேட்டால் என் பெயரை மறைக்காதே. "எங்க அம்மா எழுதினது, எனக்கு இப்படியெல்லாம் எழுத வராது" என்று சொல். உனக்கு வருகிற மாதிரி நாலு வார்த்தை சொல், அது போதும்.

நான் அந்த ஏஐக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதை வேண்டுமானால் அவளிடம் சொல். நீ நான்காவது படிக்கும்போது வகுப்பில் யாருடைய ஜாமெட்ரி பாக்ஸோ காணாமல் போயிற்று. எடுத்தவன் எழுந்திருக்கிறவரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று டீச்சர் உட்கார வைத்துவிட்டார். நீ எழுந்து நின்று "நான்தான் மிஸ்" என்றாய். ஆபீஸில் வேலையாக இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். எல்லார் முன்னாலும் உன்னை அறைந்தேன். மறுநாள் பாக்ஸ் பெஞ்சுக்கடியில் கிடைத்தது. ஏன்டா எடுத்தேன்னு சொன்னே என்று கேட்டதற்கு, "ஆமான்னு சொன்னா விட்டுடுவாங்கம்மா" என்றாய். அந்த அறைக்கு நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். வெள்ளைக் காதையும் நீ அப்படித்தான் ஒத்துக்கொண்டாயோ என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அப்பாவும் நீயும் ஒரே வார்ப்பு, பேச்சு முடிந்தால் போதும் என்று தலையாட்டிவிடுவீர்கள். நிவேதாவிடம் அப்படித் தலையாட்டாதே. இல்லாததை இல்லை என்று சொல், சண்டை வந்தால் வரட்டும்.

அந்த ஏஐயை நான் திட்டவில்லை. அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள், பாஸ்போர்ட் ஃபாரத்தில் எதை எங்கே எழுத வேண்டும் என்று எனக்கு அதுதான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது. நாய் இருந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாளைக்கு உங்கள் பிள்ளை வளரும்போது இன்னும் எத்தனையோ படம், எத்தனையோ குரல், நடக்காத பிறந்தநாள்கூட வீட்டுக்குள் வந்து உட்காரும். அப்போது அந்தப் பிள்ளை உங்கள் இருவர் முகத்தைப் பார்த்துத்தான் "இது நெஜமா?" என்று கேட்கும். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒருநாளும் விளையாட்டுக்காகக்கூடப் பொய் சொல்லாதீர்கள்.

நேற்றுப் பொத்தேரியிலிருந்து வந்ததும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஏஐயை, மெசேஜை, உன் போனை, படத்தை, எதையும் விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து, "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். ஒண்ணும் இல்லைங்க என்றேன். தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதையே கேட்டார். இன்று காலை காபி குடிக்கும்போது மூன்றாவது முறை.

இதைப் படித்து முடித்ததும் யாரைக் கூப்பிடுவதற்கு முன்னாலும் அப்பாவைக் கூப்பிடு. உன் கண்ணில் அந்தக் காது இன்னும் வெள்ளையாகத் தெரியலாம், எனக்கும் தெரிகிறது. அதைப் பார்க்காதே. நாய் இல்லைப்பா, நீங்க சொன்னதுதான் சரி என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் தலையாட்டுகிறார், ஆட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாற்பது வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அம்மா